எந்த நாட்டுப் பிடிவாதம்?

அத்தியாயம் 14

வாளியில் ஒரு சொட்டு விழுந்தது.

மகள் அடுப்படியில் நின்றபடியே எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. இருபதில் அடுத்த சொட்டு. நேற்றுக் காலை இருபத்தைந்து வரை எண்ண முடிந்தது. போன ஞாயிற்றுக்கிழமை நாற்பது.

சொட்டு விழுகிற அறை யாருக்கு என்பது வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வரி. மேல்மாடியில் அப்பா இருக்கிறார். நாற்பது வருஷமாக டைல்ஸ் ஒட்டுகிறவர். கீழ்வீட்டில் மகளும் மாப்பிள்ளையும். மாப்பிள்ளை கடல் தாண்டி ஒரு தீவிலிருந்து வந்தவன், குழாய் வேலை செய்கிறவன். மேல்மாடிக் குளியலறையை இரண்டு பேரும் சேர்ந்து புதுப்பித்தார்கள். குழாய் மாப்பிள்ளை, தரையும் சுவரும் மாமனார். அவர்கள் சேர்ந்து செய்த முதல் வேலை அது. இப்போது இருக்கிற நிலைமையைப் பார்த்தால் கடைசி வேலையும் அதுதான்.

வேலை முடிந்த நாலாம் நாள், கீழே பிள்ளைக்கென்று வெள்ளையடித்து வைத்திருந்த சின்ன அறையின் கூரையில் ஒரு உள்ளங்கை அளவு ஈரம் தெரிந்தது. இன்றைக்கு அது ஒரு பாய் அளவு. பிள்ளை பிறக்க இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.

ஒழுகுவது குழாய் என்கிறார் அப்பா. தரை என்கிறான் மாப்பிள்ளை. வெளியாளைக் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்றால் இரண்டு பேரும் ஒரே குரலில் கூடாது என்கிறார்கள். மூன்று வாரத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது ஒன்றுதான்.

இன்றைக்குக் கெடு வைத்திருந்தாள் மகள். சாயங்காலம் ஐந்து மணிக்குள் எங்கே ஒழுகுகிறது என்று தெரியவேண்டும். இல்லாவிட்டால் ஃபேக்டரியில் கூட வேலை பார்க்கிற கத்திரி அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். பிள்ளையும் அங்கேதான் வரும். பெட்டி கட்டி வாசற்கதவுக்குப் பின்னால் வைத்தாகிவிட்டது. அதை இரண்டு பேரும் பார்த்தார்கள். இரண்டு பேரும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

அப்பா கையில் டீ டம்ளரோடு கீழே இறங்கி வந்தார். மாப்பிள்ளை மேஜையில் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி.

"அம்மாடி," என்றார் அப்பா, "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. நேத்து மேல நான் குளிக்கவே இல்லை. தரையில ஒரு கை தண்ணி விழலை. அப்புறம் எப்படி ஒழுகும்? எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் இது தெரியும்."

"மாமாகிட்ட சொல்லு," என்றான் மாப்பிள்ளை, ரொட்டியைப் பார்த்தபடி. "சுவரை மூடறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி முழுக்க பிரஷர் ஏத்தி வெச்சேன். பிரஷர் காட்டற முள் ஒரு மயிரிழை நகரலை."

"நான் என்ன ரெண்டு பேருக்கும் நடுவுல தொங்கற டெலிபோன் கம்பியா?" என்றாள் மகள். "நேரா மூஞ்சியைப் பார்த்துப் பேசுங்களேன்."

"பேசினா கேட்பாரா? தீவுக்காரர்," என்றார் அப்பா. "நான் எத்தனை நாட்டு ஆளுங்களோட வேலை பார்த்திருக்கேன் தெரியுமா? மலைநாட்டான் இருக்கானே, ஒரு தடவை சொன்னா கேட்டுக்குவான், ஆனா செய்யமாட்டான். பாலைவனத்தான் மாட்டேன்னு சொல்லிட்டு செஞ்சுடுவான். தீவுக்காரன்தான் கேட்கவும் மாட்டான், செய்யவும் மாட்டான். ஏன் சொல்லு? நாலு பக்கமும் தண்ணி. நகர இடமில்லை. பிறந்ததிலேர்ந்து நின்ன இடத்துலயே நின்னு பழகிட்டாங்க."

மாப்பிள்ளை ரொட்டியைக் கீழே வைத்தான். அவன் பேச்சில் முன்னுரை எல்லாம் இருக்காது.

"எங்க அப்பா இந்த ஊர்க்காரங்களைப் பத்தி ஒண்ணு சொல்வார். தப்பான வழியில போனாலும் திரும்பமாட்டாங்களாம். உலகம் உருண்டைதானே, நேரா போனா எப்படியும் வீடு வந்துடும்னு போயிட்டே இருப்பாங்களாம்."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. அப்பா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் ஒரு தடவை குலுங்கியதை அவள் பார்த்தாள். சிரித்தது தெரிந்துவிடக்கூடாது என்று அவர் அந்த டம்ளரைக் கழுவு கழுவென்று கழுவினார்.

"சரிப்பா, நாடுதான் காரணம்னே வெச்சுக்குவோம்," என்றாள் மகள். "பக்கத்து வீட்டுத் தச்சரும் நம்ம நாடுதான். பொண்டாட்டி ஒரு வார்த்தை சொன்னா, முந்தின நாள் கட்டி முடிச்ச அலமாரியைப் பிரிச்சுப் போட்டுடறார். அவரை எந்தக் கணக்குல சேர்க்கறது?"

"அவன் பயந்தாங்கொள்ளி."

"அப்போ நாடு இல்லையே!"

"ஒருத்தன் ரெண்டு பேர் அப்படி இப்படி இருப்பாங்க," என்றார் அப்பா.

"மூணு மணிக்கு ரெண்டு பேரும் வீட்ல இருக்கணும்," என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசற்படி இறங்கும்போது பின்னால் சொட்டு விழும் சத்தம் கேட்டது. எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினாள். பத்தொன்பது.

*

ஃபேக்டரியில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வருகிற சட்டைகளை மேஜைமேல் விரித்து, காலர், கை, பட்டன் துளை, பக்கத் தையல் என்று விரலால் ஓட்டிப் பார்த்துக் குறை இருக்கிற இடத்தில் சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை. வயிறு பெரிதான பிறகு மேஜைக்கும் அவளுக்கும் நடுவில் தூரம் கூடிவிட்டது. கையை எட்டி எட்டி முதுகு இரண்டாகப் பிளந்துவிடும் போல இருந்தது.

எதிரில் கத்திரி அக்கா. நூல் பிசிறு வெட்டுகிறவள். கத்திரியும் வாயும் ஒன்றாக ஓடும்.

"என்னடி, இன்னைக்கும் எண்ணினியா?"

"பத்தொன்பது."

"தண்ணி இறங்கற வேகத்துக்கு உங்க வீட்டு ஆம்பளைங்க இறங்கி வரமாட்டேங்கறாங்க."

பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். அந்த ஹாலில் ஐந்தாறு நாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். பிடிவாதம் என்ற பேச்சை எடுத்தால் போதும், ஆளுக்கு ஒரு கதை வந்துவிடும். பட்டன் வைக்கிறவள் சொன்னாள், அவள் நாட்டில் ஒரு பெரியப்பா நாற்காலி உடைந்திருக்கிறது என்று யாரோ சொன்னதற்காகவே அதில் பதினோரு வருஷம் உட்கார்ந்தாராம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. இஸ்திரிக்காரன் விடுவானா? அவன் நாட்டில் ஒரு கிராமமே ஒரு பாலத்தில் ஏறமாட்டேன் என்று ஆற்றில் இறங்கி நடந்ததாம்.

மகள் ஒரு சட்டையின் தையலை ஓட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று கவனித்தாள். சொந்த நாட்டுக்காரன் செய்தால் அது மனஉறுதியாகிவிடுகிறது. அடுத்த நாட்டுக்காரன் செய்தால் அது பிடிவாதமாகிவிடுகிறது. துணி ஒன்றுதான். ஒட்டுகிற லேபிள்தான் வேறு.

"எனக்கு ஒரு சந்தேகம்," என்றாள் கத்திரி அக்கா. "மூணு வாரமா கத்தறாங்களே, யாராவது ஒருத்தர் சுத்தியல் எடுத்தாங்களா?"

மகள் கையை நிறுத்தினாள்.

"எடுக்கலை."

"எங்க வீட்ல ஒரு தடவை குழாய் உடைஞ்சுது. பக்கத்து வீட்டுக்காரர், அவருக்குக் குழாயும் தெரியாது ஒண்ணும் தெரியாது, பஸ் ஓட்டறவர். வந்ததும் எல்லாக் குழாயையும் மூடச் சொன்னார். நேரா வாசல்ல இருக்கற தண்ணி மீட்டரைப் போய்ப் பார்த்தார். அதுல சின்னதா ஒரு சிவப்புச் சக்கரம் இருக்கும். ஒரு குழாயும் திறக்காம இருக்கும்போது அது சுத்தினா, சுவருக்குள்ள போற குழாய் ஒழுகுதுன்னு அர்த்தம். ரெண்டு நிமிஷ வேலை."

"ரெண்டு நிமிஷமா?"

"பார்க்கறதுக்கு ரெண்டு நிமிஷம். குனிஞ்சு எழுந்திருக்க உனக்கு அஞ்சு நிமிஷம் ஆகும்."

மகள் மேற்பார்வைக்காரரிடம் போய் அரைநாள் விடுப்பு கேட்டாள். அவர் அவள் வயிற்றைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

"அஞ்சு மணிக்கு என் தம்பி வேனோட வந்துடறேன்," என்றாள் கத்திரி அக்கா. "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு, திரும்பிப் போயிடறேன்."

*

வீட்டு வாசலில், காம்பவுண்டு சுவரை ஒட்டி, இரும்பு மூடிக்குக் கீழே மீட்டர். மூடியைத் தூக்க ஒரு குச்சி தேவைப்பட்டது. வீட்டுக்குள் போய்க் கீழ்வீட்டுக் குழாய்களை இறுக்கி மூடினாள். மேலே ஏறி அங்கேயும் மூடினாள். அப்பா வீட்டில் இல்லை, மாப்பிள்ளையும் வரவில்லை. திரும்பி வந்து, தரையில் ஒரு கையை ஊன்றி, மெல்ல முட்டி போட்டாள்.

கண்ணாடி அழுக்காக இருந்தது. துப்பட்டா நுனியால் துடைத்தாள்.

சிவப்புச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அவசரம் இல்லாமல், ஓய்வு இல்லாமல், செக்கு மாடு மாதிரி.

பக்கத்திலேயே மேல்மாடிக்குப் போகிற வால்வு. அதைத் திருகி மூடினாள். சக்கரம் நின்றது. திறந்தாள். சுற்றியது. மறுபடி மூடினாள். நின்றது.

மூன்று வாரம். தினம் இரண்டு வேளைச் சண்டை. எத்தனை நாட்டைப் பற்றி எத்தனை பேச்சு! அவளுக்கு அழுகை வரவில்லை. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. காம்பவுண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வாசற்படியில் உட்கார்ந்து அவர்களுக்காகக் காத்திருந்தாள்.

*

மூன்று மணிக்கு அப்பா வந்தார். மூன்று ஐந்துக்கு மாப்பிள்ளை. இரண்டு பேரையும் மேல்மாடிக் குளியலறைக்குக் கூட்டிப் போய் நிறுத்தினாள். அவள் மட்டும் கதவோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"குழாய்தான் ஒழுகுது," என்றாள். "மீட்டர் பார்த்தேன். மேல போற வால்வை மூடினா சக்கரம் நின்னுடுது."

அப்பா முகத்தில் வெற்றி வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னான். "பிரஷர் டெஸ்ட்ல நல்லா இருந்துச்சு. சத்தியம்."

"நம்பறேன்," என்றாள் மகள். "நீங்க பொய் சொல்லலை. அதனால இன்னொரு கேள்வி வருது. நல்லா இருந்த குழாய் டெஸ்டுக்கு அப்புறம் ஓட்டையாகியிருக்கு. டெஸ்டுக்கு அப்புறம் இந்தச் சுவரைத் தொட்டது யாரு?"

குளியலறை சின்னது. ஒதுங்கி நிற்க இடமில்லை.

"அப்பா?"

அப்பா வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். திரும்பி வந்தபோது கையில் சுத்தியும் உளியும் இருந்தன. முட்டி போட்டு, கதவுக்கு எதிர்மூலையில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்த டைலை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். ஒரு தட்டு, இரண்டு தட்டு. எங்கே அடிப்பது என்று தேடுகிற தட்டு இல்லை அது. இடம் அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

தான் ஒட்டிய டைலை அவர் உடைத்து மகள் பார்த்ததே இல்லை. முதல் அடிக்கு அது விரிசல் விட்டது. மூன்றாவது அடிக்கு முக்கோணமாக ஒரு துண்டு கீழே விழுந்தது. உள்ளே சிமெண்ட் சொதசொதவென்று, ஊறிய ரொட்டி மாதிரி இருந்தது. விரலாலேயே தோண்டினார். வெள்ளைக் குழாய் தெரிந்தது. அதில் ஊசி போகிற அளவு ஒரு ஓட்டை.

"நூல் கட்டறதுக்கு ஆணி அடிப்போம்," என்றார் அப்பா, குழாயைப் பார்த்தபடி. "ரெண்டு பக்கமும் ஆணி அடிச்சு, நடுவுல நூலை இழுத்துக் கட்டி, அந்த மட்டத்துக்கு டைலை வெச்சுட்டுப் போவோம். எங்க பழக்கத்துல மூலையிலேர்ந்து நாலு விரல் தள்ளித்தான் ஆணி. அங்க குழாய் வராது. நான் வேலை பார்த்த எந்த வீட்லயும் வந்ததில்லை."

"எங்க தீவுல அங்கதான் குழாய்," என்றான் மாப்பிள்ளை. "மூலையை ஒட்டித்தான் கொண்டுவருவோம். அங்க யாரும் ஆணி அடிக்கமாட்டாங்க."

"நீங்க கேட்டுக்கலையாப்பா?" என்றாள் மகள். மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "நீங்க சொல்லலையா?" என்றாள்.

 கேட்டால் அப்பாவுக்குத் தெரியாது என்று ஆகிவிடும். சொன்னால் மாமனாருக்கே சொல்லித்தருவது போல ஆகிவிடும். மகளுக்கு அதை அவர்கள் வாயால் கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"ஆணி அடிச்சப்பவே தெரிஞ்சுதாப்பா?"

"அன்னைக்கு மெயின் வால்வை மூடி வெச்சிருந்தோம். செங்கல்ல இறங்கற ஆணிக்கு ஒரு கனம் இருக்கும். இது பழத்துல இறங்கற மாதிரி இறங்குச்சு. பிடுங்கினேன். நுனியில ஈரம். சிமெண்ட் ஈரமா இருக்கும்னு நெனச்சேன்."

"அப்பா."

"நெனைக்கணும்னு நெனச்சேன்," என்றார் அப்பா. "வெள்ளை சிமெண்டை வெச்சு அடைச்சு மேல டைலை ஒட்டிட்டேன். கீழ ஈரம் தெரிஞ்ச அன்னைக்கே புரிஞ்சுடுச்சு. சொல்ல வாய் வரலைம்மா. நாற்பது வருஷமா ஒருத்தன் என் வேலையை உடைச்சதில்லை."

எழுந்து மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். மூன்று வாரத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, குழாய் உங்களுது. ஓட்டை என்னுது."

"பரவாயில்லை மாமா," என்றான் மாப்பிள்ளை. அவர் தோளில் கை வைத்தான். "பரவாயில்லை. விடுங்க."

நல்ல மனசுதான்.  அப்பாவைத் திட்டவேண்டும் என்று மகள் தேடி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் கரைந்து போய்க்கொண்டிருந்தன. பெட்டியைத் திரும்ப உள்ளே எடுத்து வைத்துவிடலாம் என்றுகூட நினைத்தாள். கத்திரி அக்காவுக்குப் போன் பண்ணி வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் அவள் கண் ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை பார்க்கிற கண். அந்தப் "பரவாயில்லை" கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டது. மூன்று வாரமாகத் தன்மேல் விழுந்த பழி பொய் என்று தெரிந்தவன் முதலில் ஆச்சரியப்படுவான். கத்துவான். தலையில் கை வைப்பான். இவன் எதையும் செய்யவில்லை.

"ஒண்ணு கேட்கறேன்," என்றாள். "ஒரு வீட்ல தண்ணி ஒழுகுதுன்னு கூப்பிட்டா, நீங்க மொதல்ல என்ன பார்ப்பீங்க?"

மாப்பிள்ளையின் கை மாமனார் தோளிலிருந்து இறங்கியது.

"சொல்லுங்க. பஸ் ஓட்டறவருக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

"மீட்டர்," என்றான்.

"நம்ம வீட்டு மீட்டரைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"எப்போ?"

அவன் உடைந்த டைல் துண்டைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

"ஈரம் தெரிஞ்ச அன்னைக்கு."

அப்பா அவனைத் திரும்பிப் பார்த்தார். "மாப்பிள்ளை, உங்களுக்குத் தெரியுமா?"

"குழாய்ன்னு தெரியும் மாமா. டெஸ்ட்ல நல்லா இருந்ததும் தெரியும். அதுக்கு அப்புறம் நீங்கதான் உள்ள இருந்தீங்க. அதனால ஆணின்னும் தெரியும்."

"அப்புறம் ஏன் தரை தரைன்னு கத்தினீங்க?" என்றாள் மகள்.

"மாமா சொல்வாருன்னு காத்திருந்தேன். எங்க தீவுல பெரியவங்க தப்பை நாம எடுத்துச் சொல்லமாட்டோம். அவங்களா சொல்ற வரைக்கும் நிப்போம். அதுதான் மரியாதை."

"பாத்தியா," என்றார் அப்பா, கொஞ்சம் நெகிழ்ந்து போய். "நம்ம பக்கமும் அதேதான்மா. மாப்பிள்ளைகிட்டப் போய் ஒரு மாமனார் எப்படி..."

"நாட்டை இழுக்காதீங்க!"

மகள் போட்ட சத்தத்தில் இரண்டு பேரும் ஒரே மாதிரி ஒரு அடி பின்னால் போனார்கள். சுவர் தடுத்தது.

"ரெண்டு நாட்டையும் விட்டுடுங்க. பாவம், அதுங்களுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தெரிஞ்சுக்கிட்டே வாளி வெச்சிருக்கீங்க. மூணு வாரம். நான் தினம் காலையில சொட்டை எண்ணிட்டு வேலைக்குப் போறேன். நீங்க ஒருத்தர் மேல ஏறறீங்க, ஒருத்தர் கீழ இறங்கறீங்க. அந்த வால்வை ஒரு திருகு திருகியிருந்தா அறையாவது காஞ்சிருக்கும். அதைக்கூட ஏன் செய்யலை?"

பதில் அவளுக்கே தெரிந்தது. வால்வை மூடினால் குழாய் என்று மாப்பிள்ளை ஒத்துக்கொண்ட மாதிரி. குழாய் என்று ஆனால் சுவரை உடைக்கவேண்டும், உடைத்தால் அப்பா மாட்டிக்கொள்வார். அதனால் இரண்டு பேருமே மூடவில்லை.

"அம்மாடி, இப்படிக் கத்தாதே, வயித்துக்கு ஆகாது," என்றார் அப்பா.

"இன்னைக்கே குழாயை மாத்திடறேன்," என்றான் மாப்பிள்ளை. "அந்த ஒரு அடியை வெட்டிட்டு..."

"ஒரு அடியா?" என்றார் அப்பா. "மூலை முழுக்கத் திறக்கணும் மாப்பிள்ளை. உள்ள ஊறிப் போயிருக்கு."

"வேண்டாம் மாமா. ஒரு அடி போதும்."

"நான் சுவர்க்காரன், சொல்றேன் கேளுங்க."

"நான் குழாய்க்காரன் மாமா."

மகள் ஸ்டூலிலிருந்து எழுந்தாள். இரண்டு பேரும் கவனிக்கவில்லை. அவள் படி இறங்கி முடிக்கும்போதும் மேலே அந்த ஒரு அடி ஒரு அடியாகவே இருந்தது.

சின்ன அறையில் வாளி முக்கால்வாசி நிறைந்திருந்தது. வால்வு மூடியிருந்தும் கூரையில் ஊறிய தண்ணீர் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. இந்தக் கூரை காய இன்னும் மூன்று வாரமாவது ஆகும். பதினெட்டு நாளில் காயாது. அவள் வாளியைத் தூக்கவில்லை. கதவை மட்டும் சாத்தினாள்.

*

ஐந்து அடிக்க மூன்று நிமிஷம் இருக்கும்போது வேன் வந்தது. பெட்டியை அவளே உருட்டிக்கொண்டு போனாள். ஹாரன் சத்தம் கேட்டு இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். கையெல்லாம் சிமெண்ட்.

"கண்டுபிடிச்சாச்சேம்மா!" என்றார் அப்பா. "அஞ்சு மணிக்குள்ள கண்டுபிடிக்கணும்னுதானே சொன்ன?"

"நான்தான் கண்டுபிடிச்சேன். நீங்க ரெண்டு பேரும் ஒளிச்சு வெச்சிருந்தீங்க. நான் ஒழுகறதுக்காகப் போகலைப்பா."

"நானும் வரட்டுமா?" என்றான் மாப்பிள்ளை.

"இங்க இருங்க. மேல தண்ணி வராது, அப்பா உங்க குளியலறைக்குத்தான் வரணும். ஒரே குழாய், ஒரே சோப்பு. பேசிப் பழகுங்க."

  அவன் வேன் கதவை மெதுவாகச் சாத்தினான்.

தெருமுனை திரும்பியதும் என்ன ஆச்சு என்று கத்திரி அக்கா கேட்டாள்.  மகள் எல்லாவற்றையும் சொன்னாள். ஆணி, பழம், மீட்டர், மரியாதை. வண்டி ஓட்டிக்கொண்டிருந்த தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான்.

"தெரிஞ்சுக்கிட்டேவா? ரெண்டு பேருமா?" என்றாள் கத்திரி அக்கா.

"ரெண்டு பேரும். அப்பா சொல்லட்டும்னு இவர். இவர் கேட்கட்டும்னு அப்பா."

"அட, இப்படியும் இருப்பாங்களா!" என்று கன்னத்தில் கை வைத்தாள் அக்கா.  பிறகு மகளின் காலைப் பார்த்தாள். செருப்பு வார் பதிந்து, இரண்டு பாதமும் ஊதிப்போய் இருந்தன.

"போன வாரம் ஆஸ்பத்திரிக்கு நான்தானே கூட வந்தேன். இனிமே நின்னு வேலை பார்க்கக்கூடாது, கால் நீட்டிப் படுத்தே இருக்கணும்னு டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தாரே. அதை வீட்ல காட்டினியா?"

மகள் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"காட்டலை."

"ஏன்டி?"

"காலைப் பார்த்தாலே தெரியும். ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு பேர் நடமாடறாங்க. கண்ணு இருக்கு. என்னாச்சுன்னு அவங்களா கேட்கட்டும்னு இருந்தேன்."

கத்திரி அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டு, "தம்பி, கொஞ்சம் மெதுவா ஓட்டு," என்றாள்.

மடியில் போன் அடித்தது. அப்பா. அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை மாப்பிள்ளை.

"எடுக்கலையா?"

"மூணாவது தடவை அடிக்கட்டும். எடுக்கறேன்."

இரண்டாவதோடு நின்றுவிட்டது. சிக்னல் மாறி வேன் கிளம்பியது. மகள் போனைக் கையில் பிடித்தபடி, அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.